கனவுகளை அஞ்சலில் விடுத்த வைத்தியர்

திரையின் ஒரு புறத்தே மனம் நொந்தவர் ஒருவர். மறு புறத்தே, வேறொரு நகரத்திலோ வேறொரு நாட்டிலோ, உளவளத் துணையாளர் ஒருவர். முன்னிரவு கண்ட கனவை அவர் சொல்ல, இவர் கேட்கிறார். இணையவழி நிகழும் இத்தகைய சந்திப்புகள் இந்நாளில் எங்கும் பரவிவிட்டன. ஒரே அறையில் இராது, ஒருவர் கனவை மற்றொருவர் ஆராய்தல் கூடுமோ என்று ஐயுறுவோரும் உளர். அவ்வையம் நியாயமானதே. ஆயினும் ஐயுறுவோர், கனவாராய்ச்சி என்னும் கலை எங்ஙனம் பிறந்தது என்பதை ஒருகால் நினைத்துப் பார்த்தல் நன்று. அது பிறந்ததே தூரத்திலேதான். வியன்னா நகரத்து வைத்தியர் ஒருவர் தம் கனவுகளைத் தாளில் எழுதிப் பேர்லின் நகரத்து நண்பர் ஒருவருக்கு அஞ்சலில் விடுத்தார். அவ்வைத்தியர் சிக்மண்ட் புரொய்ட். அவருடைய வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் அவர் நாட்டிய கொள்கைகளையே விரித்துரைப்பர். யாம் அக்கடிதங்களின் வழியே அவரைக் காண முயல்வோம்.

மொறேவியாவில், இன்று செக் குடியரசைச் சேர்ந்த, பிரைபேர்க் என்னுஞ் சிற்றூரிலே 1856 ஆம் ஆண்டு மே மாதம் 6 ஆந் தேதி ஒரு யூதக் குடும்பத்திற் பிறந்தவர் புரொய்ட். தந்தை யாக்கோப் கம்பளி வணிகர். தாய் அமாலியா கணவரினும் இருபது வயது இளையவர். யாக்கோப்பின் முதல் மனைவியின் மைந்தர் இருவர், சிற்றன்னையின் வயதினை ஒத்த இளைஞர்கள், அதே ஊரில் வாழ்ந்தனர். குழந்தைக்கு மூத்தோனே மருமகனாகவும், தமையன்மார் தந்தையின் வயதினராகவும் அமைந்த விசித்திரமான குடும்பம் அது. யார் யாருக்கு என்ன முறை என்று அறியாது மயங்கிய குழந்தையே பின்னாளிற் குடும்பத்தின் மறைபொருள்களை ஆராயப் புகுந்தது என்றால் அதில் வியப்பு என்ன இருக்கிறது? வணிகம் நலியவே குடும்பம் 1859 இல் லைப்சிக் நகருக்கும், 1860 இல் வியன்னாவுக்கும் பெயர்ந்தது. பின் எழுபத்தெட்டு ஆண்டுகள் வியன்னாவே அவருடைய ஊர்.

பள்ளிப் படிப்பையும் பட்டப் படிப்பையும் விரைந்து கடப்போம். 1873 இல் வியன்னாப் பல்கலைக்கழகத்திற் சேர்ந்தார். 1881 இல் வைத்தியப் பட்டம் பெற்றார். ஆராய்ச்சிக் கூடத்திலே நரம்புகளை நுணுகி நோக்குவதிலேயே அவருக்கு விருப்பம். ஆனால் ஏழைக்கு ஆராய்ச்சி சோறு போடுமா? அதிலும் 1882 இல் மார்த்தா பேர்னேஸ் என்னும் நங்கைக்கும் அவருக்கும் திருமண உறுதி நிகழ்ந்துவிட்டது. வருவாய் தேடிப் பொது வைத்தியசாலையிற் சேர்ந்தார். மார்த்தாவோ ஹம்பேர்க் நகரின் அயலிலே தாயுடன் வாழ்ந்தார். நான்கு ஆண்டுகளுக்கு மேல் நீடித்த அப்பிரிவுக் காலத்தில் புரொய்ட் அவருக்கு எழுதிய கடிதங்கள் தொள்ளாயிரத்துக்கு மேற்பட்டவை. தொலைவில் உள்ளாரிடம் நெஞ்சைத் திறக்கும் பழக்கம் அவருக்கு அப்போதே கைவந்துவிட்டது என்பது எம் எண்ணம். 1885 இல் பாரிஸ் சென்று, சல்பெத்ரியேர் வைத்தியசாலையிலே, இழுப்பு நோயுற்ற பெண்களைச் சார்க்கோ என்னும் பேராசிரியர் அறிதுயிலால் ஆராய்ந்தமையைக் கண்டார். 1886 இல் மீண்டு, தம் வைத்திய நிலையத்தைத் திறந்தார். அவ்வாண்டே மணமும் முடித்தார்.

அக்காலத்து வியன்னாவில் யோசெப் புரொய்யர் என்பார் பெயர்பெற்ற வைத்தியர். இளையவராகிய புரொய்ட்டுக்குப் பணமுதவியும் ஊக்கமளித்தும் துணைநின்றவர் அவரே. மருந்தால் தீராத நோய் பேச்சால் தணிந்த ஒரு பெண்ணின் கதையை அவர் புரொய்ட்டுக்குச் சொன்னார். இருவருஞ் சேர்ந்து 1895 இல் அது பற்றி நூல் வெளியிட்டனர். அந்த நூலோடு அவர்கள் நட்புந் தேய்ந்தது. ஆனால் அந்நட்பின் பயனாகவே மற்றொரு நட்பு முன்னமே வாய்த்திருந்தது. 1887 இல், பேர்லினிலிருந்து வந்திருந்த மூக்கு, தொண்டை வைத்தியர் வில்கெல்ம் பிளீஸ் என்பாரைப் புரொய்ட்டின் விரிவுரையைக் கேட்குமாறு புரொய்யர் அனுப்பினார். அவ்வாண்டு நவம்பரிலே முதற் கடிதம் புறப்பட்டது.

பிளீஸ் புரொய்ட்டினும் இரண்டு வயது இளையவர், கவர்ச்சியான பேச்சாளர், துணிந்த கொள்கையினர். மூக்கிற்கும் மறைவுறுப்புகளுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டென்றும், மனித வாழ்வு முழுவதும் 28 நாள், 23 நாள் என்னும் இரு கணக்குகளால் ஆளப்படுகிறதென்றும் அவர் நம்பினார். எண்களைக் கூட்டியுங் கழித்தும் எதனையும் நிறுவிக் காட்டுவார். அவ்விரண்டு எண்களின் கூட்டுத்தொகையாகிய 51 ஆவது வயதிலே தமக்குச் சாவு நேரும் என்று புரொய்ட்டும் நெடுங்காலம் அஞ்சியிருந்தார் என்றால் அந்நட்பின் வலிமையை உணரலாம். இக்கொள்கைகளை இன்று எவரும் போற்றுவாரில்லை. எனினும் பிளீஸிடம் ஓர் அரிய குணம் இருந்தது, அவர் கேட்டார். வியன்னாவின் வைத்திய உலகம் புரொய்ட்டின் கருத்துகளை ஏளனஞ் செய்த காலம் அது. 1896 ஏப்ரிலில் அவர் ஆற்றிய விரிவுரை ஒன்றுக்குக் கிடைத்த வரவேற்பு பனிக்கட்டி போலக் குளிர்ந்திருந்தது. அந்நாளிற் பேர்லினில் ஒருவர் தம் கடிதத்தை எதிர்பார்த்திருக்கிறார் என்னும் எண்ணமே அவருக்குப் பற்றுக்கோடாயிற்று. ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை டிரெஸ்டன், நூரெம்பேர்க் முதலிய ஊர்களில் இருவருஞ் சந்திப்பர். மற்றை நாளெல்லாம் அஞ்சலே.

கனவைக் கேட்பதற்கு ஒருவர் வேண்டும் என்பது தமிழ் கற்றார்க்குப் புதிதன்று. கண்ணகி தன் தீக்கனாவைத் தேவந்தியிடஞ் சொன்னாள். தேவந்தி அதனை வருவதுணர்த்தும் குறியாகக் கொண்டு பரிகாரங் கூறினாள். புரொய்ட் கனவின் முகத்தை மறுபக்கந் திருப்பினார். வருவதை விடுத்துச் சென்றதைக் கேட்டார்.

அந்தத் திருப்பம் நிகழ்ந்த இரவு 1895 யூலை 23 ஆந் தேதி இரவு. வியன்னாவின் புறத்தே பெல்வியூ என்னும் குன்றின் மேலிருந்த மாளிகையிற் குடும்பத்தோடு கோடைகாலத்தைக் கழித்துக்கொண்டிருந்தார். முதல்நாள் மாலை இளைய வைத்திய நண்பர் ஒருவர் வந்து, புரொய்ட்டின் நோயாளியாகிய ஒரு பெண் ஓரளவே நலமாயிருக்கிறாள் என்று சொல்லிப்போனார். அச்சொல்லிற் குறைகூறும் தொனி இருந்ததாகப் புரொய்ட்டுக்குப் பட்டது. அன்றிரவே தம் செயலுக்குச் சமாதானமாக அப்பெண்ணின் நோய் வரலாற்றை எழுதி முடித்துவிட்டு உறங்கினார். கனவிலே ஒரு பெரிய மண்டபம், விருந்தினர் கூட்டம். இர்மா என்று அவர் பெயரிட்ட அப்பெண் தொண்டையிலும் வயிற்றிலும் வலியென்று முறையிடுகிறாள். வாயைத் திறக்கச் செய்து நோக்கினால் வெண்ணிறப் படலமும், மூக்கினுள் உள்ள எலும்பு போலச் சுருண்ட ஏதோ ஒன்றும் தோன்றுகின்றன. மூத்த வைத்தியர் ஒருவர் நொண்டியவண்ணம் வந்து பொருத்தமற்ற ஏதோ சொல்கிறார். அந்த இளைய நண்பர் முன்னொருநாள் ஏற்றிய ஊசியே நோய்க்குக் காரணம் என்பது எல்லார்க்குந் தெளிவாகிறது. ஊசி துப்புரவாக இருந்திராது. ஊசிமருந்தின் இரசாயனக் குறியீடு தடித்த எழுத்திற் கண்முன் நிற்கிறது.

விழித்தெழுந்த புரொய்ட் அக்கனவைத் துண்டு துண்டாகப் பிரித்தார். ஒவ்வொரு துண்டும் எதனை நினைவூட்டுகிறது என்று தம்மையே வினவினார்; மனம் போன போக்கிலே வந்ததையெல்லாம் தள்ளாது எழுதினார். இதுவே அவர் வகுத்த முறை. கனவிற் காண்பது மேற்போர்வை. போர்வையின் கீழே கிடப்பது மறைபொருள். மறைபொருளை மேற்போர்வையாக மாற்றும் செயலை அவர் கனவுத்தொழில் என்றார். பலரை ஓருருவாகச் சுருக்குதலும், முதன்மையானதன் அழுத்தத்தை அற்பமான ஒன்றின்மேல் இடம்பெயர்த்தலும், எண்ணத்தைக் காட்சியாக மாற்றுதலும் அத்தொழிலின் கூறுகள். முதல்நாளின் சிறு நிகழ்ச்சிகள் அதற்கு மூலப்பொருள்களாய் உதவுவன. ஒரு கனவின் பொருளை நூலிற் பார்த்தறிதல் இயலாது. கண்டவரது நினைவுத் தொடர்களே அதனை விளக்கவல்லன என்றார். கனாப்பலன் பட்டியல்களை வைத்திருப்போர் இதனைச் சற்றே சிந்திக்கலாம். இர்மாவின் கனவு அவருக்குத் தந்த விடை எளியது: தாம் குற்றமற்றவர் என்னும் விருப்பத்தையே கனவு நிறைவேற்றிக் காட்டிற்று. பழி நண்பர்மேற் போயிற்று, ஊசிமேற் போயிற்று, தம்மேல் வரவில்லை.

இவ்வளவும் அவரே எழுதி உலகறிந்தது. ஆனால் அவர் எழுதாது விட்டது ஒன்றுண்டு. அவ்வாண்டு தொடக்கத்திலே எம்மா எக்ஸ்ரைன் என்னும் அவருடைய நோயாளிக்குப் பேர்லினிலிருந்து வந்த பிளீஸ் மூக்கிலே அறுவை செய்திருந்தார். அறுவை முடிந்து பிளீஸ் ஊர் திரும்பினார். பெண்ணுக்கோ வீக்கமும் குருதிப்பெருக்கும் தீரவில்லை. மார்ச்சு மாதத்தில் வியன்னா வைத்தியர் ஒருவர் புண்ணை ஆராய்ந்தபோது, மூக்கினுள்ளே மறந்து விடப்பட்டிருந்த மருத்துவத் துணி அரை மீற்றர் நீளத்துக்கு வெளிவந்தது. அடுத்த கணமே குருதி பீறிட்டு எழ, அப்பெண் சாவின் விளிம்புவரை சென்று மீண்டார். அக்காட்சியைக் காணப் பொறாது புரொய்ட் அடுத்த அறைக்குச் சென்று சாய்ந்தார். நடந்தவற்றையெல்லாம் பிளீஸுக்கு எழுதினார். எழுதும்போதே அவரைத் தேற்றினார். அவர்மேற் குற்றமில்லை என்றார். அடுத்த ஆண்டில் இன்னும் ஒருபடி சென்று, அக்குருதிப்பெருக்கே அன்புக்கு ஏங்கிய மனத்தின் செயல் என்று முடிவு கட்டினார்.

இர்மாவின் மூக்கெலும்பையும் துப்புரவற்ற ஊசியையும் இதனோடு சேர்த்து நோக்குவோர்க்குக் கனவு யாரைக் காக்க முயன்றது என்பது வேறுவிதமாகப் புலப்படும். புரொய்ட் தம்மைக் காத்தது உண்மையே. தொலைவிலிருந்த நண்பரையும் காத்தார். தம் கடிதங்களைக் கேட்டருளும் ஒரே செவியை இழக்க அவர் துணியவில்லை. தூரத்து நண்பர் நம் கண்முன் தவறுவதில்லை. அவர் முகத்தை நாமே வரைந்துகொள்கிறோம். தூரத்திலிருந்து துணை பெறுதலில் உள்ள இடர் இதுவே என்று எமக்குத் தோன்றுகிறது. தொழில்நுட்பம் எத்துணை வளரினும் இவ்விடர் குறைந்ததாகத் தெரியவில்லை.

ஆயினும் அந்தத் தூரம் அவருக்குத் தந்ததும் சிறிதன்று. 1896 ஒக்டோபரிலே தந்தை மறைந்தார். நாற்பது வயது மகன் வேரறுந்தாற்போல உணர்ந்தார். ஈமச் சடங்கை இயன்ற அளவு எளிமையாக நடத்தினார். அது வீட்டாருக்குப் பிடிக்கவில்லை. முடிதிருத்துங் கடையிற் காத்திருந்தமையாற் சடங்கு வீட்டுக்குத் தாமதமாகவும் போய்ச் சேர்ந்தார். கனவிலே, கண்களை மூடுமாறு வேண்டும் அறிவிப்புப் பலகை ஒன்று தோன்றியது. இறந்தாரின் கண்ணை மூடுதல் மகனின் கடமை. பிழையைக் கண்டுங் காணாதது போலக் கண்ணை மூடுதல் உறவினரின் பொறுமை. இவ்விரு பொருளும் ஒரு தொடரிலே கலந்து நின்றன. இதனைப் பிளீஸுக்கு எழுதியபோது சடங்கின் பின்னைய இரவிற் கண்டதாகவும், பலகை அம்முடிதிருத்துங் கடையில் இருந்ததாகவும் சொன்னார். நூலில் எழுதியபோதோ முன்னைய இரவு என்றும், புகையிரத நிலையத்துப் பலகையை ஒத்தது என்றும் மாற்றினார். நினைவு எவ்வளவு நெகிழ்ச்சியானது என்பதற்கு ஆசிரியரே சான்றானார்!

தந்தையின் மறைவுக்குப் பின், 1897 கோடையிலிருந்து, தம்மைத் தாமே முறையாக ஆராயத் தொடங்கினார். மற்றையோரைப் பகுத்தாராயும் வைத்தியர் தாமும் முதலிற் பகுக்கப்பட வேண்டும் என்பது இன்று அத்துறையில் விதி. அன்றோ உலகில் அவரை ஆராயவல்லார் எவருமில்லை. ஆதலால் கனவுகள் நோயாளியாயின, கடிதம் சாய்கட்டிலாயிற்று. செப்டெம்பர் 21 ஆந் தேதிக் கடிதத்திலே, அதுவரை தாம் நம்பியிருந்த முதன்மைக் கொள்கையைக் கைவிட்டதாக அறிவித்தார். நரம்பு நோயாளர் அனைவருங் குழந்தைப் பருவத்திலே மூத்தோராற் கெடுக்கப்பட்டவர் என்பது அக்கொள்கை. புகழும் பொருளும் தரும் என்று நம்பிய மாளிகை இடிந்துவிழுந்தது. அதனை வியன்னாவில் எவரிடமும் சொல்ல அவருக்கு வாய் எழுந்திராது. ஒரு மாதங் கழியுமுன், தாய்மேல் அன்பும் தந்தைமேற் பொறாமையும் தம் குழந்தை நெஞ்சில் இருந்தமையைக் கண்டு, கிரேக்க நாடகத்து ஈடிப்பஸ் மன்னனின் கதை ஏன் எல்லாரையும் உலுக்குகிறது என்பதற்கு அதுவே காரணம் என்று எழுதினார்.

அதே நாட்களின் கடிதங்களில் வருவது கிழச் செவிலியின் கதை. பிரைபேர்க்கில் தம்மை வளர்த்த முதியவள் ஒருத்தி கனவுகளில் வந்துகொண்டிருந்தாள். தான் இன்னாளெனத் தெளிவாக அறியாத அவளைப் பற்றி, கடவுளையும் நரகத்தையும் தமக்குக் கற்பித்தவள் என்றும், தம்மைக்கொண்டு சில்லறைக் காசு திருடச் செய்தவள் என்றும் கனவின் வழியே முடிவு செய்தார். பின்பு தாயிடம் போய்க் கேட்டார். தாய் நினைவுகூர்ந்தார்: அத்தகைய கிழவி இருந்தது உண்மை, அவள் கெட்டிக்காரி, குழந்தையைத் தேவாலயங்களுக்குத் தூக்கிச் சென்றதும் உண்மை. ஆனால் திருடியவள் அவளே. குழந்தையின் புதுக் காசுகளும் விளையாட்டுப் பொருள்களும் அவளிடம் அகப்பட்டன. தமையன் பிலிப் காவலரை அழைத்துவர, அவள் பத்து மாதஞ் சிறையிருந்தாள். கனவு கூறியதில் திருட்டு மெய். திருடியது யார் என்பதிலே பொருள்கொண்டவர் பிழைத்தார். பிழைத்ததையும் அவ்வண்ணமே பேர்லினுக்கு எழுதிவிட்டார் என்பதே எம்மைக் கவர்கிறது.

அத்தோடு ஒரு பழைய நினைவின் முடிச்சும் அவிழ்ந்தது. தாயைக் காணாது தாம் அழுதுநிற்க, தமையன் பிலிப் பெட்டகம் ஒன்றைத் திறந்துகாட்டுவதாக ஒரு காட்சி பல்லாண்டுகளாக அவருள் மிதந்துகொண்டிருந்தது. பெட்டகத்தில் தாய் இல்லை. பின்பு மெலிந்த அழகோடு வாயிலில் வந்து நிற்கிறார். இது என்ன? செவிலி மறைந்தபோது குழந்தை தமையனிடம் காரணங் கேட்டிருக்க வேண்டும். பிலிப்போ வேடிக்கைப் பேச்சுக்காரன். பெட்டிக்குள் அடைத்தல் என்னும் பொருள்பட, சிறையைக் குறிக்கும் பேச்சுவழக்குச் சொல்லாற் பதிலிறுத்திருப்பான். குழந்தைக்குச் சொல்லின் சிலேடை எங்ஙனம் தெரியும்? தாய் மறைந்தபோது அவரும் பெட்டகத்தில் அடைபட்டாரோ என்று அஞ்சிற்று. சொல் ஒன்றினை அப்படியே பொருளாக்கிப் பார்க்கும் குழந்தையின் வழியே கனவின் வழி என்பது அவருக்கு விளங்கியது.

நவம்பரிலே வேறொரு கடிதம். தன்னைத் தானே ஆராய்தல் உண்மையில் இயலாத செயல் என்றும், இயலுமாயின் நோயே இராது என்றும் அதிற் சொன்னார். எனினும் நிறுத்தவில்லை. இரண்டு ஆண்டுகளிற் கனவு நூல் உருவாயிற்று. எழுதிய பகுதிகள் பேர்லின் சென்று பிளீஸின் திருத்தங்களோடு மீண்டன. முற்றுமுழுதாக ஆராயப்பட்ட பெருங்கனவு ஒன்றை அச்சிடத் தகாதென்று 1898 இல் பிளீஸ் தடுத்தார். புரொய்ட் இணங்கினார், ஆனாற் பிள்ளையை இழந்தவர் போல நெடுநாள் வருந்தினார். அக்கனவு இன்றுவரை அகப்படவில்லை. கனவு காண்பவர் அளவுக்கு மிஞ்சிய நகைச்சுவையாளராய் இருக்கிறாரே என்று பிளீஸ் குறை சொன்னதிலிருந்துதான், நகைச்சுவை பற்றி 1905 இல் அவர் எழுதிய நூல் முளைத்தது. கனவு நூலோ 1899 நவம்பரிலே, அட்டையில் 1900 என்னும் ஆண்டைத் தாங்கி வெளிவந்தது. அச்சிட்டவை 600 படிகள். அவை விற்றுத்தீர எட்டு ஆண்டுகள் சென்றன.

நூல் முடிந்தது, நட்பும் முடிந்தது. 1900 ஓகஸ்டில் ஆக்கன் ஏரிக்கரையிலே இருவருஞ் சந்தித்து மனக்கசப்போடு பிரிந்தனர். புரொய்ட் நோயாளரின் நெஞ்சிற் காண்பதெல்லாம் தம் நெஞ்சின் எண்ணங்களே என்று பிளீஸ் கூறியது ஆறாப் புண்ணாயிற்று. கடிதங்கள் அருகி, 1904 இல் கருத்துத் திருட்டுப் பற்றிய வழக்காடலோடு நின்றுபோயின.

அதன் பின்னைய புகழ் வாழ்வு யாவரும் அறிந்தது. 1902 இல் பேராசிரியர் பட்டம். அவ்வாண்டே புதன்கிழமைதோறும் வீட்டிற் கூடிய சிறு குழு. அது வளர்ந்து உலக இயக்கமானது. அட்லரும் யுங்கும் வந்ததும் பிரிந்ததும். இவற்றுள் எம் பொருளுக்கு இயைந்தவை சில உள.

1909 இல் யுங்கோடு அமெரிக்கா சென்றபோது, கப்பலில் ஒருவர் கனவை ஒருவர் ஆராய்ந்தனர். ஓரிடத்தில் யுங் மேலும் விவரங் கேட்க, தம் மதிப்பு குன்றிவிடும் என்று புரொய்ட் மறுத்துவிட்டாராம். இது யுங் முதுமையில் எழுதிய செய்தி. பேர்லினுக்கு எழுத அஞ்சாதவர், பக்கத்து நாற்காலியில் இருந்தவரிடம் வாய் திறக்கவில்லை! தம் நோயாளரையும் அவர் சாய்கட்டிலிற் கிடத்தி, தாம் தலைமாட்டின் பின்னே கண்காணாது இருந்தார். நாள்தோறும் மணிக்கணக்காகப் பிறர் தம்மை உற்றுநோக்குதலைத் தம்மாற் பொறுக்க இயலாது என்பதை ஒளிக்காமல் ஒப்புக்கொண்டார். ஒரே அறையினுள்ளேயே ஒரு தூரத்தை அமைத்துக்கொண்டார் என்க.

குதிரையைக் கண்டால் அஞ்சி நடுங்கிய ஐந்து வயதுச் சிறுவன் ஒருவனுக்கு 1908 இல் அளித்த சிகிச்சையும் பெரும்பாலும் அஞ்சல் வழியானதே. சிறுவனின் பேச்சையுங் கனவையும் தந்தை குறித்தனுப்ப, புரொய்ட் வழிகாட்டினார். சிகிச்சைக் காலத்திற் பையனை அவர் நேரிற் கண்டது ஒரே முறை. அச்சம் நீங்கியது. 1922 இல் வாலிபனாக வந்து நின்ற அவனுக்கு அவ்வரலாற்றில் ஒன்றேனும் நினைவில் இல்லை.

கனவைக் கையாளும் முறை பற்றி 1911 இல் வைத்தியர்களுக்கு அவர் எழுதியது இணையவழித் துணையாளர்க்கும் இன்று பயன்படத்தக்கது. ஒரு கனவை முழுவதும் அவிழ்த்தே தீர்வேன் என்று பிடிவாதங் கொள்ளலாகாது; அன்றன்று நோயாளி எதனைக் கொண்டுவருகிறாரோ அதனையே தொடர வேண்டும்; முடியாது நின்ற கனவின் பொருள் வேறொரு கனவில் மீண்டும் வரும். விழித்தவுடன் கனவை எழுதிவைக்குமாறு நோயாளரைப் பணித்தலும் வேண்டாத வேலை என்றார். தம் கனவுகளை விடாது எழுதிவைத்தவரின் அறிவுரை இது!

நம் பக்கத்து நாட்டிலிருந்தும் அவருக்குக் கடிதங்கள் போயின. கல்கத்தா வைத்தியர் கிரீந்திரசேகர் போஸ் 1921 முதல் அவரோடு கடிதத் தொடர்பு கொண்டார். 1922 இல் இந்திய உளப்பகுப்புச் சங்கத்தை நிறுவினார். ஒருவரையொருவர் என்றுங் கண்டதில்லை. இந்திய நோயாளரிடம் தாம் கண்டவை வியன்னாக் கொள்கைக்கு முற்றும் இயையவில்லை என்று போஸ் அஞ்சாது எழுதினார். 1931 இல் புரொய்ட்டின் எழுபத்தைந்தாம் ஆண்டு நிறைவுக்கு இந்தியச் சங்கம் அனுப்பிய தந்த விட்டுணு சிலை அவர் எழுதும் மேசையில் இடம்பெற்றது. பின் அவரோடு இலண்டனுஞ் சென்றது.

1923 இல் தாடையிற் புற்றுநோய் கண்டது. முப்பதுக்கு மேற்பட்ட அறுவைகளைத் தாங்கியும் அவர் எழுத்தை நிறுத்தவில்லை. 1928 இல் பிளீஸ் மறைந்தார். கணவர் எழுதிய கடிதங்களை அவர் மனைவி கேட்டபோது, அவை அகப்படவில்லை என்று புரொய்ட் பதில் விடுத்தார். ஆனால் புரொய்ட் எழுதியவை பேர்லினிற் பத்திரமாக இருந்தன. நாட்சி ஆட்சியிற் பிளீஸின் குடும்பத்தார் அவற்றை ஒரு நூல் வணிகருக்கு விற்றனர். அவர் 1936 இறுதியிற் பாரிஸ் சென்று, புரொய்ட்டின் மாணவியாகிய இளவரசி மரி பொனபார்ட்டிடம் காட்டினார். இளவரசி உடனே வாங்கிக்கொண்டு ஆசிரியருக்கு அறிவித்தார். புரொய்ட் கலங்கிப்போனார், விலையிற் பாதியைத் தாம் தருவதாகச் சொன்னார், அவை உலகின் கண்ணிற் படலாகாது, அழிந்தொழிய வேண்டும் என்பதே அவர் வேட்கை. எத்தனையோ பேரின் அந்தரங்கத்தைக் கேட்டு உலகுக்கு எழுதியவர் தம் அந்தரங்கத்தை எரிக்க நின்றார். மாணவி மறுத்துவிட்டார்.

கடிதங்கள் வியன்னாவிலே றொத்சைல்ட் வங்கியின் பெட்டகத்தில் வைக்கப்பட்டன. 1938 மார்ச்சில் நாட்சிப் படை வியன்னாவினுள் நுழைந்தது. யூதருக்குரிய அவ்வங்கியினின்றும், இரகசியக் காவலர் பார்த்துநிற்கவே, கிரேக்க அரசகுலத்து மருமகள் என்னும் தகுதியைக்கொண்டு இளவரசி கடிதக்கட்டை எடுத்துச் சென்றார். போர் மூண்டு பாரிசும் வீழ்ந்தபின் அவை டென்மார்க்குத் தூதரகத்தில் இருந்தன. பின்னர், கண்ணிவெடிகள் மிதந்த கால்வாயைக் கடந்து இலண்டன் சென்றன. கப்பல் மூழ்கினும் கடிதங்கள் மிதக்கட்டும் என்று, நீர்புகாத, மிதக்கவல்ல உறையிற் சுற்றியனுப்பினார்களாம்.

புரொய்ட் அவற்றை மீண்டும் காணவில்லை. மகள் அன்னா இரகசியக் காவலரால் ஒருநாள் முழுவதும் விசாரிக்கப்பட்ட பின்னரே அவர் வியன்னாவை விட்டகல இசைந்தார். 1938 யூன் 4 ஆந் தேதி புறப்பட்டு இலண்டன் சேர்ந்தார். வியன்னாவில் எஞ்சிய அவருடைய முதிய சகோதரியர் நால்வரும் பின்னர் நாட்சிகளின் கைப்பட்டு மடிந்தனர். 1939 செப்டெம்பர் 23 ஆந் தேதி, நோவு பொறுக்கவொண்ணாத நிலையில், முன்பே செய்த உடன்பாட்டின்படி வைத்தியர் மாக்ஸ் சூர் ஏற்றிய மோர்பியா ஊசியோடு அவர் மூச்சு அடங்கிற்று.

1950 இல் கடிதங்களின் ஒரு பகுதி அச்சாயிற்று. எம்மாவின் அறுவை பற்றியவை விலக்கப்பட்டிருந்தன. அவற்றை 1966 இல் முதன்முதல் வெளிக்கொணர்ந்து இர்மாவின் கனவோடு இணைத்துக் காட்டியவர் வேறெவருமல்லர். அந்த மாக்ஸ் சூரே. முழுத் தொகுதி 1985 இல் வந்தது.

பெல்வியூ மாளிகை இன்று இல்லை. அவ்விடத்தில் 1977 ஆம் ஆண்டு, புரொய்ட்டின் பிறந்தநாளிலே, ஒரு நினைவுக்கல் நாட்டினார்கள். கனவின் இரகசியம் அவருக்குப் புலப்பட்ட நாளையும் இடத்தையும் அது சுட்டுகிறது. அத்தகைய கல்லொன்று என்றேனும் அங்கே வைக்கப்படுமோ என்று 1900 யூனில் அவர் பிளீஸுக்கு எழுதியிருந்தார். கல்லிற் பொறித்த வாசகமும் அக்கடிதத்திலிருந்து எடுத்ததே.